பன்னிரண்டு தொலைபேசிகளுக்கு ஒரு காது

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு வேலூரிலிருந்து சித்தூர்ப் பேருந்து புறப்பட்டது. என் மடியில் அச்சடித்த படிவங்கள் இருந்தன. பக்கத்து இருக்கையில் என் மேலாளர் சுகந்தி, ஒரு செயற்கைக்கோள் தொலைபேசியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல அணைத்திருந்தார்.

நான் திருச்சியில் தமிழ் இலக்கியத்தில் முதுகலைத் தேர்வு எழுதிவிட்டு, ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்தேன். அந்த இடைவெளியில் சென்னையிலுள்ள ஒரு சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு வாரத்துக்கு ஆள் தேடியது. ஆந்திர எல்லையில் தமிழ் பேசும் குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதித் தர வேண்டும். பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு, எழுதுவதில் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் கேட்கப் போன கேள்வி எளிமையானது. சிக்னல் எட்டாத ஊர்களில் சாதாரணக் குடும்பங்கள் செயற்கைக்கோள் தொலைபேசியை வாங்குமா? கருவி செங்கல் அளவு இருந்தது. கட்டைவிரல் பருமனில் ஓர் ஆண்டெனா. வானம் தெரிந்தால் எங்கும் பேசலாம். ஆனால் பேட்டரி நான்கு மணி நேரப் பேச்சுக்குத்தான் தாங்கும். இந்தக் குறையோடு இது விற்குமா என்பதில் செய்தவர்களுக்கே ஐயம் இருந்ததால்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள். இத்தகைய கருவியை நினைத்தபடி எடுத்துச் செல்ல முடியாது. அரசு அனுமதிக் கடிதத்தின் நகலைச் சுகந்தி மேடம் நான்கு இடங்களில் வைத்திருந்தார். அதில் ஒன்று என் பை.

சித்தூருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை டிராக்டர்கள். எல்லாவற்றிலும் கிளிமூக்கு மாங்காய். கூழ் ஆலையின் வாசலில் தொடங்கிய வரிசை நெடுஞ்சாலைக்கு வந்து, நெடுஞ்சாலையிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிராக்டர்களுக்கு அடியில் பாய் விரித்து ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் சக்கரத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். திருச்சியில் நெல் கொள்முதல் நிலைய வாசலில் இதே வரிசையைப் பார்த்திருக்கிறேன். அங்கே இந்த வாசனை இல்லை. காற்று முழுவதும் பழுத்துப்போய் இனித்தது.

வேலையை இங்கேயே தொடங்கலாம் என்று மேடம் இறங்கினார். மழித்துக்கொண்டிருந்தவர் புத்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழர். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கிருந்து வேணா பேசலாமா?”

“மலை உச்சியிலிருந்துகூடப் பேசலாம்ங்க,” என்றார் மேடம்.

“நான் மூணு நாளா இங்க கீறேன். ஃபேக்டரிகாரனுக்கு நாப்பது வாட்டி அடிச்சேன். எனக்கு ஃபுல் சிக்னல், அவனுக்கும் ஃபுல் சிக்னல். எடுக்க மாட்றான். இதுல அடிச்சா எடுப்பானா?”

மேடம் சிரித்துவிட்டார். நான் படிவத்தில் ‘இல்லை’ என்பதற்கு நேரே குறியிட்டு, காரணம் என்ற இடத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அவர் நாலு மாங்காய் தந்தார். வேண்டாம் என்றதற்கு, “துன்னுங்கமா, இன்னும் ரெண்டு நாள் போனா மாடுகூடத் துன்னாது,” என்றார். சோர்வோ புகாரோ இல்லாத குரல். மறுபடி கண்ணாடிக்குத் திரும்பி மீதி முகத்தை மழித்தார்.

சித்தூரில் அன்று பகல் முழுதும் கைப்பேசிக் கடைகள். ஒரு கடைக்காரர் பேட்டரியைப் பற்றிக் கேட்டதும் கருவியை மேசையில் வைத்துவிட்டார். தெலுங்கு எனக்குப் பேச வராது, கேட்டால் புரியும். அவர் சொன்னது: “நாலு மணி நேரமா? எங்கள் வாடிக்கையாளர் அதற்குள் ஒரு சினிமா பார்த்து, அதை நாலு பேருக்குச் சொல்லியும் முடிக்க வேண்டுமே அம்மா.” இரவு விடுதிக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் ராகிச் சங்கடி சாப்பிட்டோம். வட்டிலின் நடுவே ஆவி பறக்கும் உருண்டை, அதன் தலையில் குழி, குழியில் நெய், சுற்றிலும் வேர்க்கடலைச் சட்னி. மென்று தின்றுகொண்டிருந்த என்னைப் பரிமாறுகிறவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “விழுங்கணும்மா, மெல்லக் கூடாது,” என்று தமிழில் திருத்திவிட்டுப் போனார். சோற்றைத் தவிர வேறொன்றை உணவென்று ஒப்புக்கொள்ளாத ஊரில் பிறந்தவள் நான். இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் கர்நாடக எல்லையை ஒட்டிய சாந்திபுரத்தை அடைந்து, அங்கிருந்து ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர் போனோம். அந்தச் சிற்றூரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. மூன்று பக்கமும் பாறைக் குன்றுகள். பள்ளத்தில் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். முன்பு நிலமில்லாமல் கூலிக்குப் போனவர்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஏக்கர், அரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். வீடுகளில் எங்குமே சிக்னல் கிடையாது. எங்கள் நோக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது என்று மேடம் மகிழ்ந்தார்.

முதலில் எங்களை எதிர்கொண்டவர் மங்கம்மா. நாற்பது வயதிருக்கும். கையில் மல்பெரித் தழைக் கட்டு. அவருடைய கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மகள் ரேவதி பத்தாவது முடித்து, திருப்பதியில் ஒரு கல்லூரியில் கால்நடைப் பராமரிப்பு டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருந்தாள். முதல் பட்டியலில் இடம் வரவில்லை. யாராவது சேராமல் விட்டால் காத்திருப்பவர்களைத் தொலைபேசியில் அழைப்போம், இந்த வாரத்துக்குள் அழைப்போம் என்று சொல்லியிருந்தார்களாம். ஊரிலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் பத்தாவதுக்கு மேல் படிக்கப் போனதில்லை. கிடைக்காவிட்டால் பெங்களூரில் அப்பாவோடு போய் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்வது என்று முடிவாகியிருந்தது.

“சிக்னலே இல்லாத ஊரில் அந்த அழைப்பு எப்படி வரும்?” என்று மேடம் கேட்டார்.

மங்கம்மா எங்களை ஊருக்குத் தெற்கே பாறை மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனார். தொட்டியின் இரும்பு ஏணியில், ஆள் உயரத்தில், பன்னிரண்டு ஒயர்க் கூடைகள் வரிசையாகத் தொங்கின. கூடைக்கு ஒரு கைப்பேசி. அந்தப் பாறை மேல் மட்டும் கர்நாடகப் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து சிக்னல் வருகிறது. அடியில், தொட்டியின் நிழலில், வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

“இது பாக்கியம். நாளைக்கு அவ ஊட்டுக் காது. இன்னிக்கிக் காது சோத்துக்குப் போனதும் வந்து எடம் புடிச்சிக்கினா.”

காது என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே பாக்கியம் சொல்லத் தொடங்கினார். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, காலை ஏழிலிருந்து பொழுது சாயும்வரை ஒருவர் இங்கே உட்கார வேண்டும். எந்தக் கூடை ஒலித்தாலும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஒலி. ஒன்று சேவல், ஒன்று கோயில் மணி, ரேவதி வீட்டுடையது ரயில் ஊதல். ஆளைக் கூப்பிட நேரம் இருந்தால் பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தியை வாங்கிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் அந்த ஆளுக்குப் பெயர் ‘காது’.

“அடுத்தவங்க விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிடுமே?” என்றார் மேடம்.

“தெரியும். யாருக்கு வந்துதோ அவங்ககிட்ட சொல்லணும். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரர்கிட்டகூட நான் சொன்னதில்ல. சொல்லாம இருக்கறது எவ்ளோ கஷ்டம் தெர்மா? வயிறு உப்பிக்கும்!” பாக்கியம் சிரித்தார். “ஒருத்தி சொல்லிட்டா. ஒரு வருஷம் அவளுக்குக் காது குடுக்கல. அழுதுக்கினே இருந்தா.”

பதினேழு ஆண்டுகள் படித்த எனக்கு ஒரு செய்தியைக் கேட்டு, சரியான ஆளிடம் மட்டும் சேர்த்து, பிறகு அதை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடத் தெரியுமா என்று யோசித்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேடம் இரண்டு நாள் சோதனைக்காகக் கருவியை மங்கம்மாவிடம் கொடுத்தார். தேவை அதிகம் உள்ள வீடு அதுதான். வானம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், ஆண்டெனாவை நிமிர்த்த வேண்டும், பேசி முடித்ததும் அணைத்துவிட வேண்டும் என்று மூன்று முறை விளக்கினார். மங்கம்மா மூன்று முறையும் தலையாட்டினார். அன்றிரவு பள்ளிக்கூட அறையில் எங்களுக்குக் களியும் கீரையும் வந்தன. இம்முறை மெல்லாமல் விழுங்கினேன்.

இனி எழுதப்போவது புதன்கிழமை நடந்தது. ரேவதிக்கு வந்த அழைப்பைப் பற்றியது என்பதால், எழுதலாமா என்று அவளிடமும் பாக்கியத்திடமும் கேட்டேன். இருவரும் சரியென்றார்கள்.

காலை பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூட்டிப் படிவங்களை நிரப்பத் தொடங்கினோம். பதினொரு வீடுகளிலிருந்து ஆள் வந்திருந்தது. படிவத்தின் முதல் வரியில் ‘ஊரிலுள்ள எல்லா வீடுகளும், வீட்டுக்கு ஒருவர்’ என்று இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். பாக்கியம் வரவில்லை. அவர் காதாக உட்கார்ந்திருந்தார். ஒன்று குறைந்தால் ஆய்வு முழுமையாகாது என்று நான்தான் சொன்னேன். நான்தான் பாறைக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

“காதை உட்டுட்டு எப்டி வர்றது?” என்றார் பாக்கியம்.

என்னோடு மேலே வந்திருந்த மங்கம்மா எனக்காகப் பரிந்து பேசினார். “ஒரு மணி நேரம்தானே, போ. அந்தப் பெரிய போனை எங்க கூடையில ரேவதி போன் பக்கத்துலயே வெச்சிருக்கேன். இது அடிச்சா அது புடிச்சிக்கும்.”

நான் கூடையைப் பார்த்தேன். உண்மைதான். செங்கல் போன்ற அந்தக் கருவி சிறிய கைப்பேசியோடு தோளுரசி உட்கார்ந்திருந்தது. மங்கம்மா நினைத்ததில் வியப்பில்லை. அந்த ஊரில் ஒருவர் இல்லையென்றால் பக்கத்திலிருப்பவர் எடுப்பார். தொலைபேசிகளுக்குள்ளும் அந்த வழக்கம் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அதுவும் வானத்தோடு பேசும் தொலைபேசி. அது அப்படி இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். என் மனம் பன்னிரண்டாவது படிவத்தில் இருந்தது.

மற்ற பதினொரு பேரும் ‘வாங்குவோம்’ என்றே சொன்னார்கள். தூரத்திலிருந்து வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வதெப்படி என்பதுதான் அதன் பொருள் என்று மேடம் என் காதோடு சொன்னார். “பத்து வருஷமா இந்த வேலை பாக்கறேன். சிரிச்சுக்கிட்டே ஆமா சொன்னா வாங்க மாட்டாங்கன்னு அர்த்தம்.” கடைசியாகப் பாக்கியம் வந்து உட்கார்ந்து, யோசித்து, “வேணாம்,” என்றார்.

“பேட்டரி போதாதா?” என்று கேட்டேன்.

“பேட்டரி கெடக்கட்டும் பாப்பா. இத நான் ஊட்ல வெச்சிக்குவேன். நான் தழை அறுக்கப் போயிருக்கும்போது அடிச்சா யாரு எடுக்கறது? ஊட்டுக்கு ஒண்ணு வாங்கிட்டா அப்புறம் காது எதுக்குனு உட்ருவாங்க. எல்லார் கையிலயும் போன் இருக்கும், எடுக்கத்தான் ஆள் இருக்காது.”

அருமையான விடை. ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்வதற்காக அவரை மீண்டும் சொல்லச் சொன்னேன். பிறகு குடும்ப விவரம், தொழில், பயன்பாடு என்று மீதிப் பக்கங்களையும் முழுமையாக நிரப்பினேன். ஒரு மணி நேரம் என்றது இரண்டு மணி நேரமானது.

ஒன்று முப்பத்தைந்துக்குப் பாறை மேலிருந்து பாக்கியத்தின் அலறல் கேட்டது. “மங்கா! ஏய் மங்கா! ரேவதி போன்ல மூணு மிஸ்டு கால் கீது!”

எல்லோரும் ஏறினோம். திருப்பதித் தரைவழி எண். கடைசி அழைப்பு வந்து ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. நான் படித்துச் சொன்னேன்: இடம் ஒன்று காலியாகியிருக்கிறது, நாளை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், ஆனால் இன்று மூன்று மணிக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ரேவதி திரும்ப அழைத்தாள். எங்கேஜ்டு. மறுபடி அழைத்தாள். எங்கேஜ்டு. அவள் கட்டைவிரல் திரும்பத் திரும்ப அதே இடத்தை அழுத்தியது. பத்து நிமிடம் கழித்து ஒலி போயிற்று, எடுப்பார் இல்லை. மேடம் செயற்கைக்கோள் கருவியைக் கூடையிலிருந்து எடுத்தார். திரை இருண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லக் கேட்டிருந்த மங்கம்மா அணைக்கவில்லை. கூடையில் தொங்கும் எந்தத் தொலைபேசியையும் அவர்கள் அணைப்பதில்லை. அழைப்பவருக்கு அது கதவைச் சாத்துவது போல. கருவி முந்தைய மாலையிலிருந்து கான்கிரீட் தொட்டியின் அடியில் வானத்தைத் தேடித் தேடி ஓய்ந்திருந்தது. உயிரோடு இருந்தாலும் பயனில்லை. எந்தக் கருவியில் அழைத்தாலும் மறுமுனையில் எடுக்க வேண்டுமே.

“எல்லாம் என்னாலதான்,” என்றார் பாக்கியம். “காதை உட்டு எறங்கினவ நான்தானே.”

“இல்லக்கா. கூப்பிட்டது நான்,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சிக்கங்க,” என்று மங்கம்மா இடைமறித்தார். “பாக்கியம், ஒன் ஊட்டுக்காரரு திருப்பதியிலதானே கீறாரு?”

பாக்கியம் சேவல் ஒலிக்கும் தம் கூடையிலிருந்து கைப்பேசியை உருவினார். அவர் கணவர் மணி திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டிபன் கடையில் தோசை வார்ப்பவர். முதல் ஒலியிலேயே எடுத்துவிட்டார். கணவனும் மனைவியும் நலம்கூட விசாரிக்கவில்லை. “தோசைய அப்படியே போட்டுட்டு கெளம்பு. மங்கா பொண்ணு சீட்டு போவப் போது,” என்றார் பாக்கியம். நான் விண்ணப்ப எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, மறுமுனையில் மணி அதைக் கைத்தலத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். மாவுக் கையில் எழுத்து நிற்காது, இடக்கையில் எழுது என்று பாக்கியம் கத்தினார். அப்போது நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு.

அடுத்த ஒரு மணி நேரம் ஊரே பாறை மேல் இருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. கோயில் மணி ஒலித்த ஒரு கூடையைப் பாக்கியம் எடுத்து, செய்தியை வாங்கி, உரியவர் காதருகே போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் முறை தவறவில்லை. ரேவதி ஏணியின் கீழ்ப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குச் சேவல் கூவியது. பாக்கியம் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நேரே ரேவதியிடம் போய், குனிந்து, அவளிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் மங்கம்மாவும் ரேவதியும் நானும் பேருந்தில் ஏறினோம். படிவங்களைச் சரிபார்க்க மேடம் ஊரிலேயே தங்கினார். நானும் போகிறேன் என்று கேட்டபோது மறுக்கவில்லை. மொகிலி மலைச்சரிவில் பேருந்தின் ரேடியேட்டர் புகைந்து நின்றது. பயணிகளில் பெரும்பாலோர் திருமலைக்கு முடியிறக்கப் போகிறவர்கள். ஒரு பெரியவர் மங்கம்மாவிடம் தெலுங்கில், “சாமி நேரம் குறித்திருந்தால்தானே தாமதமாகும், கவலைப்படாதே அம்மா,” என்றார். “சாமி குறிக்கவில்லை, கல்லூரி குறித்திருக்கிறது, பத்து மணி,” என்று மங்கம்மா அதே தெலுங்கில் திருப்பினார். இது பேருந்துக்குள் பரவியது. நடத்துநர் நடுச்சாலையில் நின்று பின்னால் வந்த வண்டியை மறித்து, “முதலில் அந்தப் படிக்கிற பெண்ணை ஏற்றுங்கள்,” என்றார். முடியிறக்கப் போகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பிய பேருந்து. எங்கள் மூவருக்கும் இரண்டு இருக்கைகள் கிடைத்தன.

ஒன்பதேகாலுக்குத் திருப்பதி. பாக்கியத்தின் கணவர் மணி பேருந்து நிலையத்திலேயே நின்றிருந்தார். மெலிந்த மனிதர், முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். “ரெண்டு இட்லி துன்னுட்டுப் போலாம், டைம் கீது,” என்று தம் கடைக்கு இழுத்துப் போனார். இட்லி மேல் காரப்பொடி தூவி நெய் ஊற்றித் தந்தார். முந்தைய நாள் நடந்ததை அவர் நின்றபடியே சொன்னார்.

“ஜன்னல்ல இருந்தவரு, ‘நீ யாரு அவளுக்கு’ன்னாரு. மாமானு சொல்லலாம், சித்தப்பானு சொல்லலாம். ஆதார் காட்டுன்னா மாட்டிக்குவேன். உள்ளதச் சொன்னேன். ‘சார், அந்தப் பொண்ணு போன் அடிச்சா எடுக்கற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். இன்னிக்கு எடுக்க முடில. அதான் நேர்ல வந்தேன்’னேன். அவரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பார்த்தாரு. அப்புறம் எழுதிக்கினாரு.”

கல்லூரி அலுவலகத்தில் அதே எழுத்தர்தான் இருந்தார். மதிப்பெண் பட்டியல், படிப்புச் சான்று, சாதிச் சான்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் ரேவதி, அவர் கேட்டவற்றுக்கெல்லாம் தெளிவான தெலுங்கில், தடுமாறாமல், தேவையான அளவே விடை சொன்னாள். எனக்கு வராத கலை அது. கடைசியில் அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: “வீட்டைத் தொடர்புகொள்ள எண்?”

ரேவதி பழைய எண்ணையே சொன்னாள்.

“இதையா? இதில்தான் நேற்று யாரும் எடுக்கவில்லையே. இனி எடுப்பார்களா?”

“எடுப்பார்கள் சார். யாராவது கண்டிப்பாக எடுப்பார்கள்,” என்றாள் அவள்.

எழுத்தர் மணியை ஒருமுறை பார்த்தார். முத்திரை குத்தினார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். ஏழுமலையின் பாறைச் சுவர் வெயிலில் செம்பழுப்பாக மின்னியது. திருப்பதிவரை வந்து மலையேறாமல் திரும்புகிறவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும். மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். விடுதியில் சேர்க்க மறுநாள்தான் கையெழுத்து வாங்குவார்களாம். அவர் தங்கியாக வேண்டும்.

“பாப்பா, நாளைக்கு எங்க ஊட்டுக் காது. எங்க புழுவுக்குத் தழை போடற வேலையப் பாக்கியம்கிட்ட உட்டுட்டு வந்துட்டேன், அவளால ரெண்டும் ஆவாது. நீ எப்படியும் ராவுக்கு ஊருக்குத்தான போற? ஒக்காருவியா?”

புதன்கிழமை காலை காதை எழுப்பிக் கீழே கூட்டிவந்தவள் நான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“உட்கார்றேன்கா,” என்றேன்.

“எல்லாத்தையும் எடுக்கணும். சத்தம் போட்டுக் கூப்டணும், நீ பேசற மாதிரி பேசினா ஒருத்தருக்கும் கேக்காது.”

மாலைப் பேருந்தில் தனியாகத் திரும்பினேன். பள்ளிக்கூட அறையில் மேடம் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். “பதினொரு ஆமா, ஒரு இல்ல. அந்த ஒண்ணை முதல் பக்கத்துலயே போட்டுட்டேன். போன் செஞ்சவங்க கேக்க விரும்பறது இது இல்ல; போகட்டும்,” என்றார். முழுதாக மின்னேற்றப்பட்ட கருவி மேசை மேல் அணைந்து கிடந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாறை மேல் ஏறி, தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். பாக்கியம் ஒரு முறம் வேர்க்கடலையை என் முன் வைத்துவிட்டு மங்கம்மாவின் புழுக்களுக்குத் தழை போடப் போனார். ஏழு இருபதுக்கு முதல் கூடை ஒலித்தது. எழுந்து எடுத்து, “ஆள் கீழ இருக்காங்க, இருங்க,” என்றேன். பிறகு விளிம்புக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தினேன். இரண்டாவது முறையிலேயே ஒரு தலை நிமிர்ந்தது. பதினொரு மணிக்குள் ஆறு அழைப்புகள் வந்தன. நான்கு பேர் ஏறி வந்து தாமே பேசினார்கள். இரண்டு செய்திகளை நான் வாங்கி, உரியவர்களை மேலே வரவழைத்து அவர்கள் காதில் மட்டும் சொன்னேன். ஒன்று நல்ல செய்தி, ஒன்று அப்படியல்ல. யாருக்கு, என்ன என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.